அவிழ்த்துவிடச் சொன்னவள்

சென்ற மாதம் ஒன்றிய அலுவலகத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கைக்குழந்தையிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை பிள்ளைகளை எப்படி ஓடியாட வைப்பது என்பதுதான் பாடம். இதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னையும் அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குப்புறப் படுக்க வைப்பது, தவழ விடுவது, பந்து உருட்டுவது, ஏறி இறங்கப் பழக்குவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிக்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க ஊர்ல ஒரு தறிப் பட்டறையில கொழந்தையத் தூண்ல கட்டி வெச்சிருக்கறாங்க. அவுத்து உடச் சொல்லோணுங்களா?"

"அதப் பத்திப் பொறவு பேசலாம் சாமி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் அவள் கண்ணில் படாமல் பஸ் ஏறினேன். அவளுக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கத்து ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்காரர் சங்ககிரி லாரிகளில் டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். கல்யாணமான மறு வருடம் இந்த வேலை கிடைத்தது. பயிற்சியில் எடை போடவும், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கவும், சத்துமாவு கிளறவும், கையை ஆட்டிப் பாட்டுப் பாடவும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம்தான் மையம். சமையலுக்கும் பிள்ளைகளைக் கூட்டி வருவதற்கும் பாப்பாத்தி என்று ஒருத்தி இருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். மற்றதெல்லாம் அங்கேயே பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் பக்கம் பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கிற பக்கம். பிள்ளை பிறந்த உடனே அதன் மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "ஏனுங்க டீச்சர், மூணு வயசாயும் அ எழுத மாட்டீங்கறான். வெளையாடறதுக்கா இங்க அனுப்பறம்? அத ஊட்டுலயே வெளையாட மாட்டானா?" என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். வீட்டில் விளையாடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். முதலில் டிவி முன்னால் உட்கார்த்தி வைத்தார்கள், பிறகு கையில் போனைக் கொடுத்தார்கள். மையத்துக்கு வந்து சேரும் பிள்ளைகளில் ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாதவர்கள் வருடத்துக்கு வருடம் கூடினார்கள். அதனால் விளையாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி ஆனேன். அந்தப் பிடிவாதத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் வசந்தா மேடம். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆய்வுக்கு வந்தால் எடுத்ததும் பதிவேட்டைக் கேட்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியிலேயே முட்டி போடுவார். அப்படியே இரண்டு கையையும் ஊன்றி மையத்துக்குள் தவழ்ந்து வருவார். முதல் தடவை பார்த்தபோது பாப்பாத்தி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

"நின்னுக்கிட்டுப் பாத்தா நமக்கு ஆபத்தானதுதான் தெரியும். கொழந்தைக்கு ஆபத்தானது கீழ கெடக்கும்" என்றார் மேடம். அன்றைக்கு மட்டும் பெஞ்சுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்று, சுவரோரம் எலி மருந்து வைத்திருந்த கொட்டாங்குச்சி ஒன்று, இழுத்தால் பருப்புக் குண்டான் கவிழ்கிற மாதிரி தொங்கிய துணி ஒன்று என மூன்றையும் கண்டுபிடித்தார்.

குறைகளைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவார். அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்திருந்தால் அழித்துவிடுவார். செய்யாவிட்டால் அதே எழுத்தின்மேல் பேனாவை ஓட்டுவார். அவ்வளவுதான் அவருடைய கோபம். என் பதிவேட்டில் அவர் பேனா பட்டதே இல்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கோழிப்பண்ணை. நீள நீளமாக ஐந்து ஷெட்டுகள். வேலைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து பண்ணைக்குள்ளேயே தங்குவார்கள். அப்படி வந்தவள் அஞ்சலை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். புருஷன் முருகன் தீவனம் அள்ளுவான், இவள் முட்டை பொறுக்குவாள். பதின்மூன்று மாதத்தில் நந்தினி என்று ஒரு பெண் குழந்தை. கணக்கெடுப்பில் பெயர் வந்ததும் வீட்டுப் பார்வைக்குப் போனேன்.

ஷெட் முனையில் ஒரு சிமெண்டுத் தூண். அதில் பழைய சேலைக் கிழிசலின் ஒரு நுனி, மறு நுனி குழந்தையின் இடுப்பில். இரண்டு முழ நீளம் இருக்கும். கோழி இறகுத் தூசி தலையெல்லாம் படிந்திருக்க, அவள் சாக்கின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போய் நின்றேன். அழவில்லை, கையும் நீட்டவில்லை. தூக்கிப் பார்த்தேன். எடை சரியாகத்தான் இருந்தது. தரையில் விட்டுக் கையைப் பிடித்தால் கால் ஊன்றத் தெரியவில்லை. முட்டியைத் தடவிப் பார்த்தேன். தவழ்ந்த பிள்ளையின் முட்டி கறுத்துக் காய்த்திருக்கும். நந்தினியின் முட்டி அன்று பிறந்த குழந்தையின் முட்டி மாதிரி இருந்தது.

"ஏம்மா இப்படிக் கட்டிப் போட்டிருக்கற? இப்படியே உட்டா நடக்கவே நடக்காதே" என்றேன்.

அஞ்சலை முட்டை அட்டையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "அவுத்து வுட்டா யாருங்க பாக்கறது? நானும் அவரும் ஷெட்டுக்குள்ள இருக்கறோம். கோழி போடற சத்தத்துல கொழந்தை கத்தினாக்கூட காதுல வுழாது. கட்டி வச்சாத்தாங்க கொழந்தை இருக்கும்."

அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தெரியாத பெண், சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை போனேன். எலும்பு, தசை, மூளை என்று பயிற்சியில் கேட்டதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நடக்காமல் போய்விடும் என்று பயமுறுத்தவும் செய்தேன். கடைசியில் பண்ணைக்காரரைப் பார்த்தேன். தன்மையான மனிதர். "அதுக்கென்னங்க டீச்சர், பழைய கூண்டு வலை கெடக்குது. கட்டிக் குடுக்கச் சொல்றனுங்க" என்றார். சொன்னபடி ஷெட்டுக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில், வேப்பமரத்துக்கு அடியில், என் தொடை உயரத்துக்கு வலை அடித்துச் சின்னதாக ஒரு களம் போட்டுக் கொடுத்தார். நான் அதற்குள் முட்டி போட்டு ஒவ்வொரு அங்குலமும் பார்த்தேன். கம்பி நுனிகளை மடக்கினேன். கண்ணாடித் துண்டு இரண்டைப் பொறுக்கினேன். வலைக்கு வெளியே முட்டி போடவில்லை. வெளியே அவள் வரப்போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு அஞ்சலை தூணிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். வீட்டுப் பார்வைப் பதிவேட்டில் எழுதினேன்: "குழந்தையைக் கட்டி வைக்காமல் விளையாட விடுமாறு தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது. தாய் ஏற்றுக்கொண்டார்."

மூன்றாம் வாரம் நந்தினி தவழ்ந்தாள். வலையைப் பிடித்து எழுந்தாள். பதினேழாம் மாதம் நடந்தாள். நான் போனால் வலைக்கு அந்தப் பக்கம் நின்று கம்பியை ஆட்டிச் சத்தம் போடுவாள். அஞ்சலை முகத்திலும் சிரிப்பு வந்தது. "ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க டீச்சர்" என்று குறை சொல்வதுபோலச் சொல்வாள். முட்டை வரிசை ஒன்று முடிந்ததும் ஷெட் முனைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மாதாந்திரக் கூட்டத்தில் நந்தினியைப் பற்றி நான் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நடந்த பிள்ளைக்கு அடுத்தது ஏறுவது. வீட்டுக்காரரிடம் சொல்லித் தேய்ந்த லாரி டயர் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். கழுவி, களத்துக்குள் படுக்கப் போட்டேன். முதலில் நடுவில்தான் போட்டோம். நடுவில் வெயில் அடித்தது; ரப்பர் சுட்டது. நிழல் வலையோரமாக விழுந்தது. டயரை அங்கே இழுத்துப் போட்டவள் நான்தான். நந்தினி அதில் ஏறினாள், குதித்தாள், மறுபடி ஏறினாள். எனக்கு அன்றைக்கு நல்ல நாளாக இருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. கோழிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் ஏறும். மூடி உடைந்து, பாதிக்குத் தகரம் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் பண்ணைக்காரரிடம் சொன்னேன். "வெல்டிங் பட்டறையில சொல்லியிருக்குதுங்க டீச்சர், ரெண்டு நாள்ல மூடி வந்துரும்" என்றார். அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. அடுத்து போலியோ சொட்டு மருந்து வேலை வந்தது, பிறகு கணக்கெடுப்பு. மூன்று வாரம் பண்ணைப் பக்கம் போகவில்லை.

மையத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டிக்காரர் வாசலில் வந்து நின்று பாப்பாத்தியிடம் ஏதோ சொன்னார். பாப்பாத்தி கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க பண்ணைக்குப் போங்க டீச்சர். நான் போட்டுக்கறேன்" என்றாள்.

இருபத்திரண்டு மாதம் ஆகியிருந்தது நந்தினிக்கு. இன்னும் இரண்டு மாதத்தில் மையத்தில் சேர்த்திருப்போம். டயரில் ஏறி, வலைக் கண்ணில் கால் வைத்து வெளியே இறங்கியிருக்கிறாள். அஞ்சலை ஒரு வரிசை முடித்து எட்டிப் பார்த்தபோது இருந்திருக்கிறாள். அடுத்த வரிசை முடித்துப் பார்த்தபோது இல்லை. அறைக்குள் தேடியிருக்கிறாள், மரத்தைச் சுற்றித் தேடியிருக்கிறாள். தொட்டியில் பார்த்தது முருகன்.

நான் போனபோது வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஈரப் பாவாடைக்குக் கீழே இரண்டு முட்டியும் தெரிந்தன. கறுத்துக் காய்த்திருந்தன.

போலீஸ் வந்தது. விசாரணைக்கு வந்தவர் அஞ்சலையைக் கேட்டார். "கொழந்தைய யார் பாத்துக்கிட்டது? எப்பவும் கட்டி வெப்பீங்களாமே, இப்ப ஏன் அவுத்து விட்டீங்க?"

அஞ்சலை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "வெளையாடட்டும்னு நான்தாங்க அவுத்து வுட்டேன்."

அவளுக்கு நான்கு அடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். நான் சொல்லித்தான் அவிழ்த்தாள் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் வேலையில் நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், டயர் இல்லை, தொட்டி இல்லை. அந்த இரண்டு நிமிடம்தான்.

மறுநாள் காலை வசந்தா மேடம் வந்தார். அன்றைக்கு அவர் முட்டி போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப் பார்வைப் பதிவேட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகத் திருப்பி அந்த வரிக்கு வந்தார். விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவுத்து விடச் சொன்னது நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"தொட்டிய நீங்க பாக்கலையா?"

"பாத்தனுங்க. ரெண்டு வாட்டி. வாயில சொன்னேன், எழுதலைங்க."

கூட வந்திருந்த அலுவலக உதவியாளர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், மேல இருந்து கேப்பாங்க. இந்தப் பக்கத்த மட்டும் வேற மாதிரி எழுதிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுங்க. அந்தம்மாவே தான்தான் அவுத்தேன்னு சொல்லிட்டாங்க."

மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு அதை உள்ளே போட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, என் வரிக்குக் கீழே எழுதினார்: "தண்ணீர்த் தொட்டி மூடப்படாமல் இருந்ததைப் பணியாளர் இருமுறை கண்டும் பதிவு செய்யவில்லை. குழந்தையைக் கவனிக்க ஆள் உண்டா என்று உறுதி செய்யவில்லை. மேற்பார்வையாளராகிய நானும் அந்த இடத்தை நேரில் சென்று பார்க்கவில்லை." கையெழுத்துப் போட்டார்.

"இத நீங்க படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். போகும்போது வாசலில் நின்றார். "நீங்க சொன்னது தப்பில்ல. பாதிதான் சொன்னீங்க. அதுதான் தப்பு" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினோம். அதோடு முடிந்தது. மேடம் அடுத்த வருடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பண்ணைக்காரர் அந்த வாரமே தொட்டிக்குக் காங்கிரீட் மூடி போட்டார். வலையைப் பிரித்து எடுத்தார்கள். டயர் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

பயிற்சியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். அவிழ்க்கத்தான் வேண்டும். கட்டி வைத்த பிள்ளை என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்தத் தாய் முட்டாள்தனத்தால் கட்டவில்லை. அவிழ்த்த பிறகு யார் பார்ப்பது என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போ. பதில் இல்லையென்றால் நீயே பதிலாக இருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு போ.

அஞ்சலையும் முருகனும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கே போனாலும் இதே வேலைதான் என்று அங்கேயே இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பதிவேட்டில் அவர்கள் பெயர் மறுபடி வந்தது. ஆண் குழந்தை, சரண். பிறந்த குழந்தை வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். முதலிரண்டு தடவை அவன் தூளியில் இருந்தான். எடை போட்டுவிட்டுத் திரும்பினேன். எட்டாம் மாதம் போனபோது அதே தூணில் கட்டியிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அஞ்சலை ஷெட்டிலிருந்து இறங்கி வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கோபமில்லை, கிண்டலும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"சொல்லுங்க டீச்சர். அவுக்கட்டுங்களா?"

தொட்டிப் பக்கம் போய் மூடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு சொன்னேன். "நான் இருக்கற நேரத்துக்கு அவுக்கலாம். மையம் மூடினதும் தெனமும் ஒரு மணி நேரம் வாரேன். நான் போறப்ப நீயே கட்டிக்க."

அவள் தலையசைத்தாள். "எனக்கு நின்னு பாக்க முடியாதுங்க. நீங்க அவன்கூட சத்தமாப் பேசிக்கினே இருங்க. ஒங்க சத்தம் கேட்டா நான் வேலையப் பாப்பேன்."

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மையத்தைப் பூட்டிவிட்டுப் பண்ணைக்கு நடப்பேன். ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி ஒரு மணி நேரமும் கத்திக்கொண்டிருப்பேன். பாட்டுப் பாடினேன், ஒன்று இரண்டு எண்ணினேன். எதுவும் தோன்றாதபோது, "இதா தவுந்து வாரான், இதா எந்திரிச்சுட்டான், இதா நடக்கறான்" என்று நடப்பதையே சொன்னேன். மூச்சு வாங்க நிறுத்தினால் ஷெட் முனையில் அவள் முகம் வரும். "ஒண்ணுமில்ல அஞ்சல, இருக்கறான்" என்பேன். முகம் மறையும். சரண் பதினாலாம் மாதம் நடந்தான், பிறகு ஓடினான். இரண்டு வயதானதும் மையத்துக்கு வந்தான். இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் படிக்கிறானாம்.

அவன் ஓட ஆரம்பித்திருந்த சமயம் எனக்குத் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டது. இருந்தாலும் போனேன். கையைத் தட்டி விளையாட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அஞ்சலை முட்டை அட்டையோடு ஓடி வந்துவிட்டாள். வந்தவள் அங்கேயே நின்றாள். சரண் மரத்துக்கும் தூணுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓடுவதை அவள் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அவன் களைத்துப்போய் உட்காரும்வரை பார்த்தாள்.

"போதுங்க டீச்சர், இன்னிக்கு" என்றாள்.

அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அவனைத் தூக்கிப் போய்த் தூணில் கட்டினாள். அவள் நிமிர்ந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குனிந்து, முடிச்சுக்கும் அவன் இடுப்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு ஊருக்கு நடந்தேன்.